படகுத் தண்டின் கசிவு



களியக்காவிளையைத் தாண்டி வடமேற்கே சென்றால் பாறசாலை. அதனையும் கடந்தால் நெய்யாற்றின்கரை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று வகுத்த எல்லை தெற்கே வந்து கடற்கரையைத் தொடும் இடத்தில், ஒரு பக்கம் பொழியூர் இருக்கிறது. மறு பக்கம் நீரோடி இருக்கிறது. கரையில் நின்று கடலைப் பார்ப்பவருக்கு அந்த எல்லைக்கோடு புலப்படுவதில்லை. இரு ஊர்ப் படகுகளும் ஒரே அலையில் ஏறி இறங்குகின்றன. இரு ஊராரின் பேச்சிலும் தமிழும் மலையாளமும் உப்பும் நீரும்போலக் கலந்திருக்கின்றன.

இக்கரையைச் சேர்ந்தவர்கள் இங்கேயே இருப்பவர்களும் அல்லர். நீரோடி முதல் தூத்தூர், சின்னத்துறை வரையிலுள்ள ஊர்களின் மீனவர்கள் கொச்சியிலும், அதற்கு வடக்கே மேற்குக் கரையின் பல துறைமுகங்களிலும் தங்கித் தொழில் புரிகிறார்கள். பிற மாநிலங்களில் வாழும் நேயர்களில் படகில் வேலை செய்வோரும், படகுக்கு முதல் போட்டவரும், படகில் சென்றவருக்காகக் காத்திருப்போரும் இருப்பார்கள். அவர்கள் அனைவருக்கும் பயன்படக்கூடிய ஒரு சிறு பொருளைப் பற்றி இன்று பேசக் கருதுகிறோம். எஞ்சினிலிருந்து விசிறிக்குச் செல்லும் தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில் நீர் கசிந்தால், அதன் காரணத்தை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு சீர் செய்வது என்பதே நம் பொருள்.

இப்பொருள் நம் கரைக்குப் புதியது என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். கட்டுமரத்துக்கு ஒழுக்கு என்ற கவலையே இல்லை. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை அது. மேலே ஏறும் நீர் இடுக்கு வழியே தானே இறங்கிவிடும். வள்ளத்துக்கு அக்கவலை உண்டு. பலகையும் பலகையும் சேரும் பொருத்தில் நீர் ஊறும். ஆகவேதான் ஓடாவிகள் பஞ்சும் நாரும் எண்ணெய்ப் பிசினும் கொண்டு பொருத்துகளை அடைத்தார்கள். கலப்பற்றுதல் என்று அத்தொழிலுக்குப் பெயரும் வைத்தார்கள். ஆயினும் பாயும் துடுப்பும் கொண்டு ஓடிய வள்ளத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டுமென்றே எவரும் துளையிட்டதில்லை. எஞ்சின் வந்த பிறகுதான் அத்துணிவும் வந்தது.

1952-ஆம் ஆண்டில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் மீன்பிடித் திட்டம் ஒன்று உருவாயிற்று. எஞ்சின் பொருத்திய படகுகள் அங்கே பெருகின. நீண்டகரையில் காயல் முகத்துவாரம் இருந்தமையால் படகு நீரிலேயே நிற்க முடிந்தது. பொழியூர் போன்ற திறந்த மணற்கரையிலோ படகை அன்றாடம் அலை வழியே கரையேற்ற வேண்டும். அடிப்புறத்தில் தண்டும் விசிறியும் நீட்டிக்கொண்டிருந்தால் அவை மணலில் முட்டி வளைந்துவிடும். ஆகவே இத்தகைய கரைகளில், 1980-களில் வெளியே மாட்டும் எஞ்சின்களே பரவின. அதே ஆண்டுகளில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டத்தில், தண்டையும் விசிறியையும் கரையேறும்போது மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு ஒன்றையும் வகுத்துப் பார்த்தார்கள். ஆழ்கடலுக்குச் செல்லும் பெரிய படகுகளில் மட்டும் எஞ்சின் உள்ளே அமர்ந்தது. தண்டு அடிவழியே வெளியே சென்றது. எனவே நம் கரைக்கு இரண்டு வகைக் கசிவும் உரியவை. பெரிய படகின் கசிவை முதலிலும், வெளி எஞ்சினின் கசிவைப் பின்னரும் காண்போம்.

படகின் அமரத்துப் பக்கம், அடிப்பலகையைத் துளைத்து ஒரு குழாய் பொருத்தியிருப்பார்கள். அதனுள் தண்டு சுழலும். குழாயின் உள்முனையில், எஞ்சின் பக்கமாக, கிண்ணம்போன்ற ஒரு பெட்டி இருக்கும். தண்டுக்கும் அப்பெட்டியின் சுவருக்கும் இடையேயுள்ள வெளியில், கொழுப்பும் மெழுகும் ஊட்டிய சதுரக் கயிற்றை வளையம் வளையமாக வெட்டி அடுக்கியிருப்பார்கள். பழங்காலத்தில் அது ஆளிநாரால் ஆனது; இக்காலத்தில் கிராஃபைட் ஊட்டியதும், டெஃப்ளான் இழையால் பின்னியதும் கிடைக்கின்றன. வளையங்களின் மேல் கிளாண்டு என்னும் மூடி அமர்ந்திருக்கும். மூடியின் நட்டுகளை முறுக்கினால் வளையங்கள் நெருங்கித் தண்டைப் பற்றும். பெட்டி, வளையம், மூடி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தொழிலாளர்கள் கிளாண்டு என்ற ஒரே சொல்லால் குறிப்பதும் உண்டு.

இப்போது ஒரு கேள்வி. நன்றாக வேலை செய்யும் கிளாண்டில் ஒரு துளி நீரும் வரக் கூடாதா? வரக் கூடாது என்றே புதியவர் பலர் நினைக்கிறார்கள். நம் வீட்டு மண்பானையை நினைத்துப் பார்ப்போம். பானை மெல்லக் கசிவதனால்தான் அதிலுள்ள நீர் குளிர்கிறது. கசிவே இல்லாத பித்தளைக் குடத்தில் நீர் அவ்வாறு குளிர்வதில்லை. கிளாண்டின் நிலையும் ஏறக்குறைய இதுவே. நிமிடத்துக்குப் பல நூறு முறை சுழலும் தண்டு, தன்னைப் பற்றியிருக்கும் கயிற்றோடு உராய்ந்துகொண்டே இருக்கிறது. இடையே ஊறும் மெல்லிய நீரே உராய்வைத் தணிக்கிறது. சூட்டையும் எடுத்துச் செல்கிறது. அந்த நீரை அடியோடு நிறுத்திவிட்டால் கயிறு கருகிக் கல்லாகும். கல்லான கயிறு தண்டை அறுத்துப் பள்ளமாக்கும். பள்ளம் விழுந்த தண்டில் எத்தனை புதுக் கயிறு வைத்தாலும் கசிவு நிற்காது. கசிவை முற்றிலும் நிறுத்த முயன்றவர், கசிவை நிலையாக்கிவிடுகிறார்.

அவ்வாறாயின் எவ்வளவு சொட்டலாம்? தண்டு சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று துளி; தண்டு நிற்கும்போது ஒன்றுமில்லை, அல்லது எப்போதோ ஒரு துளி. சாதாரணக் கயிற்றுக் கிளாண்டுக்குப் பொதுவாகக் கொள்ளும் அளவு இதுதான். இருபது துளி ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். நிமிடத்துக்கு மூன்று துளி விழுந்தால் ஒரு மணி நேரத்தில் 9 மில்லிலிட்டர். ஒரு நாளைக்கு 216 மில்லிலிட்டர். ஒரு தம்ளர் நீர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. நிமிடத்துக்கு அறுபது துளி விழுந்தால் ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குச் சற்று மேல். அது கவனிக்கத்தக்கது, கலங்கத்தக்கது அன்று. ஆனால் துளி நூலாகி, நூல் ஒழுக்காகி, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வரத் தொடங்கினால், ஒரு நாளில் 1,440 லிட்டர். ஏறக்குறைய ஒன்றரை டன் நீர் படகின் அடியில் தேங்கிவிடும். சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் சொன்ன மொழியன்று.

ஆகவே, கசிவை ஆராய்வோர் முதலில் கேட்க வேண்டுவது, இந்த நீர் கிளாண்டிலிருந்துதான் வருகிறதா என்பதே. அடிப்புறத்தில் நீரைக் கண்டவுடன் சாவியை எடுப்பது பெருந்தவறு. எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர்க் குழாய் கசியலாம், பம்பு கசியலாம், புகைக்குழாய் கசியலாம், சுக்கான் தண்டு நுழையும் இடத்திலும் நீர் வரலாம். மீன் அறையில் உருகிய பனிக்கட்டியின் நீரும் கீழே வந்து சேரும். பனிக்கட்டி நீர் உப்பற்றது. அதன் மணமும் கலங்கலும் வேறாக இருக்கும். எனவே அடிநீரை முழுவதும் இறைத்துவிட்டு, கிளாண்டையும் அதனைச் சுற்றியுள்ள இடத்தையும் பழந்துணியால் ஈரமறத் துடைக்க வேண்டும். பின்னர் அதன் கீழே செய்தித்தாளை விரித்து, விளக்கொளியில் உற்றுப் பார்க்க வேண்டும். முதல் ஈரம் எங்கே தோன்றுகிறதோ அங்கேதான் கசிவு. தண்டைச் சுற்றி ஊறினால் கயிறு. பெட்டிக்குப் பின்னால் உள்ள ரப்பர்க் குழாயில் தோன்றினால், அக்குழாயோ அதனைக் கவ்வும் வளையமோ பழுது. குழாய் மரத்தோடு சேரும் இடத்தில் தோன்றினால் அது ஓடாவியின் வேலை. கிளாண்டை எத்துணை முறுக்கினும் தீராது.

இடம் தெரிந்த பின் காலத்தைக் கேட்க வேண்டும். எப்போது கசிகிறது? படகு கட்டிக் கிடக்கும்போதும் ஓடும்போதும் ஒரே அளவாகச் சொட்டினால், கயிறு தேய்ந்தோ உலர்ந்தோ போயிருக்கலாம். நிற்கும்போது உலர்ந்திருந்து, ஓடும்போது மட்டும் பீறிட்டால், தண்டு அதிர்கிறது என்று பொருள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மிகுந்தால், விசிறியின் இதழ் வளைந்ததையோ எஞ்சின் தாங்கிகள் தளர்ந்ததையோ ஐயுற வேண்டும். பாயும் எஞ்சினும் இரண்டும் உள்ள படகில் மற்றொரு நிலை உண்டு. காற்றில் பாய் விரித்து ஓடுகையில் எஞ்சின் நின்றிருக்கும். ஆனால் பின்னால் ஓடும் நீர் விசிறியைத் தள்ளித் தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓசை இல்லாமையால் தண்டு நின்றுவிட்டது என்று எண்ணிக் கிளாண்டை மறந்துவிடுவார்கள். பாய்ப்படகுக்காரர் அந்நேரத்திலும் ஒருமுறை குனிந்து பார்ப்பது நலம்.

கயிறுதான் காரணம் என்று தெளிந்தால், நட்டை முறுக்கலாம். ஆனால் அளவோடு முறுக்க வேண்டும். அறுகோண நட்டின் ஒரு பக்கம், அதாவது ஆறில் ஒரு சுற்று. அதற்கு மேல் ஒரு முறையில் வேண்டா. இரு நட்டுகளையும் ஒரே அளவாகத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மிகுந்தால் மூடி சாய்ந்து தண்டில் உரசும். பின்னர் தண்டைச் சுழலவிட்டுச் சில நிமிடம் துளிகளை எண்ண வேண்டும். எஞ்சினை நிறுத்தித் தண்டு நின்ற பின் பெட்டியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்தோ இளஞ்சூடாகவோ இருந்தால் நன்று. கை வைக்க இயலாத சூடானால், முறுக்கு மிகுந்துவிட்டது. உடனே தளர்த்த வேண்டும். சுழலும் தண்டின் அருகே தளர்ந்த சட்டை, கைலி முனை, கழுத்துத் துண்டு ஆகியவை கூடவே கூடா. அளவு சரியானதும் பூட்டு நட்டை இறுக்கிவிட வேண்டும். இல்லையேல் அதிர்வில் நட்டு கழன்று, தொல்லை முன்னிலும் பெரிதாகும்.

முறுக்குவதற்கு இடமில்லாமல் மூடி முழுவதும் உள்ளே சென்றுவிட்டால், கயிறு மாற்றும் காலம் வந்துவிட்டது. இதனைக் கரையில் செய்வதே முறை. பழைய வளையங்கள் அனைத்தையும் கொக்கிக் கம்பியால் எடுத்துவிட வேண்டும். மேலே உள்ள இரண்டை மட்டும் எடுத்து, அடியில் கல்லாகிக் கிடப்பதை அப்படியே விட்டுப் புதியதை வைப்போர் உண்டு. அது அழுக்குப் புண்ணின்மேல் கட்டுப்போடுவதாகும். கயிற்றின் பருமனைக் கணக்கிட்டே வாங்க வேண்டும். பெட்டியின் உள்விட்டத்திலிருந்து தண்டின் விட்டத்தைக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கினால் அதுவே கயிற்றின் அளவு. உள்விட்டம் 50 மில்லிமீட்டர், தண்டு 30 மில்லிமீட்டர் என்றால், கயிறு 10 மில்லிமீட்டர். கயிற்றைத் தண்டின்மேல் சுற்றி வைத்து, ஒவ்வொரு வளையத்தையும் சரியான நீளத்துக்குக் கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். ஒரே நீளக் கயிற்றைச் சுருள்சுருளாகத் திணித்தால், அச்சுருளின் வழியே நீர் ஏறி வந்துவிடும். ஒரு வளையத்தின் மூட்டு மேலே இருந்தால், அடுத்ததன் மூட்டு பக்கவாட்டிலும், அதற்கடுத்தது கீழேயும் அமைய வேண்டும். கொத்தனார் செங்கலை மூட்டு மாற்றி அடுக்குவதும் இதே கருத்தால்தான். கடைசியில் மூடியை வைத்து நட்டுகளை விரலால் மட்டுமே முறுக்கிவிட்டு, படகு நீரில் இறங்கிய பின்பு சில மணி நேரத்தில் சிறுகச் சிறுகச் சரிசெய்ய வேண்டும். புதுக் கயிறு இருக்கை பிடிக்கும்வரை சற்று மிகுதியாகவே சொட்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

புதுக் கயிறு வைத்துச் சில வாரங்களுக்குள் மீண்டும் கசிந்தால் என்ன செய்வது? இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். மீண்டும் மீண்டும் கயிறு மாற்றுகிறார்கள். குற்றம் கயிற்றினுடையதாக இராது. தண்டைத் துடைத்து, கயிறு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது; தண்டை லேத்துப் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். படகு கரையில் இருக்கும்போது விசிறியின் அருகே தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். கலகலவென்று ஆடினால், அங்குள்ள ரப்பர் பேரிங் தேய்ந்துவிட்டது. தண்டு வளைந்திருந்தால் மெல்லச் சுழற்றும்போதே கண்ணுக்குத் தெரியும்.

இவற்றினும் மறைவான காரணம் ஒன்று உண்டு. எஞ்சினும் தண்டும் ஒரே நேர்கோட்டில் நில்லாமை அது. எஞ்சினின் தட்டும் தண்டின் தட்டும் முகத்தோடு முகம் பொருந்தும் இடத்தில் போல்ட்டுகளைத் தளர்த்தி, மெல்லிய தகட்டு அளவியை நான்கு பக்கமும் செருகிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தட்டின் விட்டம் 100 மில்லிமீட்டரானால், இடைவெளியின் வேறுபாடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. ஒரு சாதாரணக் காகிதத்தின் கனம் ஏறத்தாழ அவ்வளவுதான். இதனைப் படகு நீரில் மிதக்கும்போது அளக்க வேண்டும். கரையில் கட்டைமேல் நிற்கும் படகு வளைவில் சிறிது மாறியிருக்கும். மரப்படகானால், நீரில் இறங்கி மரம் ஊறிச் சில நாட்கள் சென்ற பின் அளப்பது மேலும் சிறந்தது.

உலோகத்தின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். மஞ்சளாக இருக்க வேண்டிய பித்தளை இளஞ்சிவப்பாக மாறினால், உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை அரித்துத் தின்றுவிட்டது. பார்வைக்கு முழுதாக இருக்கும். சாவி பட்டவுடன் ரொட்டித் துண்டுபோல் உதிரும். இவ்வரிப்பைத் தான் ஏற்றுக்கொள்வதற்காகவே தண்டிலும் அடிப்புறத்திலும் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். கட்டி பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அதன்மேல் வண்ணம் பூசலாகாது. பூசினால் அது வேலை செய்யாது.

இக்காலத்தில் சொட்டாத சீல் என்று ஒரு வகை வந்திருக்கிறது. கரியாலான ஒரு வளையமும், எஃகாலான ஒரு வளையமும் முகத்தோடு முகம் உரசி நீரைத் தடுக்கும். மடிப்பு மடிப்பான ரப்பர்த் துருத்தி ஒன்று அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும். அடிப்புறம் உலர்ந்தே இருக்கும் என்பது இதன் சிறப்பு. படகை நீரில் இறக்கியவுடன் துருத்தியைச் சற்று அழுத்தி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, முகங்களுக்கு நீர் வரச் செய்ய வேண்டும். மறந்தால் வறண்டு கருகும். கயிற்றுக் கிளாண்டு கெடும்போது துளித்துளியாக முன்னறிவிப்புத் தரும். இந்தச் சீலின் துருத்தி கிழிந்தால் முன்னறிவிப்பே இராது. ஆகவே இதனை வைத்திருப்போர் ரப்பரில் வெடிப்பு உண்டா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். செய்தவர் குறித்த காலத்தில் மாற்றவும் வேண்டும்.

இனி, பொழியூரிலும் பூவாரிலும் நாம் மிகுதியாகக் காணும் வெளி எஞ்சினுக்கு வருவோம். இதில் கசிந்தால் படகுக்குள் நீர் வராது. பல்சக்கரப் பெட்டிக்குள் நீர் புகும். எனவே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எண்ணெய் காட்டிக்கொடுக்கும். நீர் கலந்த கியர் எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். இரவு முழுதும் எஞ்சினை நிமிர்த்தி நிறுத்திவைத்து, காலையில் கீழ்த் திருகைச் சிறிதே தளர்த்தினால், எண்ணெயை விடக் கனமான நீர் முதலில் வெளிவரும். அதைக் கண்டால் சீல் போய்விட்டது என்று தெளியலாம். அத்திருகின் வளையம் நசுங்கியிருந்தாலும் நீர் புகும். ஆதலால் முதலில் அந்தச் சிறு செலவைச் செய்து பார்ப்பது அறிவுடைமை.

சீல் கெடுவதற்குப் பெரிய காரணம் நம் தொழிலிலேயே இருக்கிறது. அறுந்த தூண்டில் நரம்பும் வலை நூலும் விசிறியின் பின்னே தண்டில் சுற்றிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. சுழற்சியின் சூட்டில் அந்த நரம்பு இறுகிச் சீலின் உதட்டை அறுத்துவிடும். ஆகவே காலமுறைப்படி விசிறியைக் கழற்றி, தண்டைத் துடைத்து, நரம்பு இருந்தால் எடுத்துவிட்டு, கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். கால் மணி நேரத்து வேலை. ஒரு பல்சக்கரப் பெட்டியின் விலையைக் காக்கும். சீல் மாற்றும்போது, பழையது எப்பக்கம் முகம் வைத்திருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இரண்டு சீல்கள் முதுகோடு முதுகாக இருக்கும். ஒன்று எண்ணெயை உள்ளே நிறுத்துவது. மற்றது கடலை வெளியே நிறுத்துவது. திருப்பி வைத்தால் இரண்டும் தம் கடமையை மறந்துவிடும். புது எண்ணெயைக் கீழ்த்துளை வழியே ஏற்றி, மேல்துளையில் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.

கரையிலே இவ்வளவும் செய்யலாம். நடுக்கடலில் கிளாண்டு திடீரென்று ஒழுகினால்? தூத்தூர்க் கரையின் ஆழ்கடற்படகு ஒருமுறை புறப்பட்டால் பல நாள் கழித்தே திரும்புகிறது. அங்கே பட்டறை இல்லை. கைவசம் உள்ளதே துணை. முதற்கண் எஞ்சினை அணைத்துவிடக் கூடாது. பல படகுகளில் நீரிறைக்கும் பம்பும் எஞ்சினாலேயே ஓடுகிறது. கியரை மட்டும் விடுவித்துத் தண்டை நிறுத்த வேண்டும். பம்பின் வாயில் குப்பையும் கந்தலும் அடையாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நட்டை ஒரு பக்கம் ஒரு பக்கமாக முறுக்கிப் பார்க்கலாம். அதுவும் பயன்படாவிட்டால், கிரீஸ் ஊட்டிய பருத்தித் துணியையோ கயிற்றையோ தண்டும் மூடியும் சேரும் இடத்தில் நெருக்கிச் சுற்றிக் கட்டினால் ஒழுக்கு பெரிதும் தணியும். அதன் பின் தண்டைச் சுழற்ற நேர்ந்தால் கட்டை அவிழ்த்து, மிக மெல்ல ஓட்ட வேண்டும். எஞ்சினோடு தண்டைப் பிணைக்கும் தட்டைக் கழற்றும் நிலை வந்தால், முதலில் தண்டின்மேல் ஒரு கவ்வியை இறுக்கிவிட வேண்டும். இல்லையேல் தண்டு பின்னோக்கி நழுவிக் கடலுக்குள் போய்விடும். அது போனால், நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே உள்ள 25 மில்லிமீட்டர்த் துளை வழியே நிமிடத்துக்கு ஐம்பது லிட்டர் அளவில் கடல் உள்ளே வரும். ஆகவே துளைக்குப் பொருந்தும் கூம்புவடிவ மரக்கட்டை ஒன்றைக் கிளாண்டின் அருகிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பது நம் முன்னோர் அறிவுக்கு ஒத்தது.

நீர் அடங்காது என்று தோன்றினால் தாமதியாமல் சொல்ல வேண்டும். வி.எச்.எஃப். கருவியின் 16-ஆம் சேனல் ஆபத்து அழைப்புக்கு உரியது. கடலோரக் காவற்படையின் உதவி எண் 1554. தொலைபேசிக்கு அலை கிடைக்கும் இடத்தில் அதுவும் பயன்படும். எட்டிய தொலைவில் நம் ஊர்ப் படகு எதுவாயினும் அதனையும் கூப்பிடலாம். கூப்பிடுவதில் வெட்கமில்லை.

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இக்கரையைத் தாக்கியதையும், குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் எத்தனையோ வீடுகள் ஆண்துணை இழந்ததையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய புயலின் முன் ஒரு கிளாண்டு எம்மாத்திரம்? அதனால் புயல் நின்றுவிடாது. ஆயினும் எஞ்சின் உயிரோடு இருக்கும்வரை படகு தன் அணியத்தை அலைக்கு நேரே திருப்பி நிற்க முடியும். அடிநீர் ஏறி எஞ்சின் அணைந்தால், படகு அலைக்குப் பக்கம் காட்டிவிடும். அமைதியான நாளில் ஒரு தம்ளர் நீராக இருக்கும் குறை, அமைதியற்ற நாளில் ஓர் உயிராகக் கணக்கிடப்படுகிறது. பழுதுபார்ப்பதற்கு உரிய நாள் அமைதியான நாளே.

இதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டுவதில்லை. ஒரு சிறு குறிப்பேடு போதும். புறப்படுமுன் நிமிடத்துக்கு எத்தனை துளி, திரும்பியபின் எத்தனை துளி, எந்நாளில் நட்டை எவ்வளவு முறுக்கினோம், எந்நாளில் கயிறு மாற்றினோம் என்று எழுதிவந்தால், படகு தன் வரலாற்றைத் தானே சொல்லும். மூன்றாக இருந்தது ஐந்தாகி, ஐந்து பத்தாவதைக் கண்ணுக்கு முன்பே ஏடு காட்டிவிடும். வெளியூர்த் துறைமுகத்தில் படகை விட்டுவிட்டு ஊருக்கு வருவோர், அடுத்த முறை பொறுப்பேற்பவரிடம் சாவியோடு அந்த ஏட்டையும் கொடுக்கலாம். மீன் ஏலக் கணக்கை எழுதும் கை, துளிக் கணக்கையும் எழுதக் கூடாதா?

நெய்யாற்றின்கரைக்கு மேற்கே விழிஞ்சத்தில் 2024-ஆம் ஆண்டிலிருந்து மாபெரும் கொள்கலக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அவற்றிலும் தண்டு உண்டு. தண்டு வெளியேறும் துளை உண்டு. துளையைக் காக்கும் சீலும் உண்டு. அங்கே அதனைக் கவனிக்கப் பொறியாளர்கள் முறை வைத்து விழித்திருக்கிறார்கள். பொழியூர்ப் படகிலும் நீரோடிப் படகிலும் அவ்வேலையைச் செய்ய வேண்டியவர் படகோட்டியே. விளக்கைப் பிடித்துக் குனிந்து, ஒரு நிமிடம் பொறுத்துத் துளிகளை எண்ணுவதே அதில் முதற்படி. கொச்சியிலோ மங்களூரிலோ மும்பையிலோ இருந்து இதனைக் கேட்கும் நேயர்கள், நாளைக் காலை தங்கள் படகில் அதனைச் செய்து பார்ப்பார்களாக. படகில் இல்லாதவர்கள், படகிலுள்ள தம்பிக்கோ மைத்துனனுக்கோ இச்செய்தியைச் சொல்வார்களாக.